கனமில்லாத முட்டை பிரன்ச்: கிரீமை எடுத்துவிட்டால் அந்த வேலையை யார் செய்வது?

காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே வேளையாகச் சேர்த்துச் சாப்பிடும் பிரன்ச் என்று சொன்னாலே மேசைக்கு முட்டை வந்துவிடும். முட்டை வந்தால் கிரீம், சீஸ், வெண்ணெய் மூன்றும் பின்னாலேயே வரும். நேரம் தவறிச் சாப்பிடும் அந்த ஒரு வேளைக்குப் பிறகு மதியம் முழுக்க சோபாவை விட்டு எழ முடியாது. வயிறு நிறைய வேண்டும், ஆனால் கனக்கக் கூடாது என்று சில உப்புச் சுவை முட்டை உணவுகளை வீட்டில் செய்து பார்த்தேன். அளவுகளையும் தந்திருக்கிறேன், அப்படியே செய்து பார்க்கலாம். ஆனால் எனக்கு அதைவிட சுவாரசியமாக இருந்தது வேறொன்று. கிரீமையும் சீஸையும் எதற்காகப் போடுகிறோம், எடுத்துவிட்டால் என்ன காலியாகிறது என்பதுதான் அது.

முதலில் கணக்கு. நான்கு பேருக்கு ஓவனில் வைக்கும் வழக்கமான முட்டை பேக் ஒன்றில் 8 முட்டை, ஒரு கப் கெட்டி கிரீம், 150 கிராம் செடார் சீஸ், 2 மேசைக்கரண்டி வெண்ணெய் போகும். ஓடு நீக்கி 50 கிராம் வரும் ஒரு முட்டையில் சுமார் 72 கலோரி, 8 முட்டைக்கு 576. கிரீம் மட்டும் 800-ஐத் தாண்டும். சீஸ் 600, வெண்ணெய் 200. எல்லாம் சேர்ந்து 2,200-ஐ ஒட்டி நிற்கிறது, ஆளுக்கு 550. இதில் முட்டையின் பங்கு கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, முட்டைக்குத் துணையாக வந்தவை.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, மஞ்சள் கருவைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளைக் கருவை மட்டும் சாப்பிடும் வழக்கம் எனக்கு இன்னும் புதிராகிவிட்டது. மஞ்சள் கருவில் சுமார் 55 கலோரி, வெள்ளையில் 17. எட்டில் நான்கு மஞ்சளை எடுத்தால் ஆளுக்கு மிச்சமாவது 55 கலோரி. கிரீமை மட்டும் எடுத்தால் ஆளுக்கு 200. முட்டையின் வைட்டமின் ஏ, டி, கோலின் எல்லாம் மஞ்சளில்தான் இருக்கின்றன. வழவழப்பைத் தரும் லெசிதினும் அங்கேதான்.

ஆனாலும் வெள்ளையை மட்டும் வைத்து ஒரு ஆம்லெட் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கருவில் 90 சதவீதம் தண்ணீர், மீதியில் பெரும்பகுதி புரதம், கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். இடையில் புகுந்து மென்மையாக்க ஒன்றும் இல்லாததால் புரதம் தன்னோடு தானே இறுகிவிடுகிறது. கடித்தால் பல்லில் கிறீச்சிடுகிறது. தட்டில் ஐந்து நிமிடம் வைத்தால் கீழே தண்ணீர் கட்டுகிறது. 6 முழு முட்டையோடு 3 வெள்ளை சேர்த்ததில் இந்தத் தொல்லை இல்லை, சுவையிலும் குறை தெரியவில்லை. ஆனால் மிஞ்சிய மூன்று மஞ்சள் கருவை என்ன செய்வது? அதற்கு ஒரு பண்டம் செய்து அதையும் நாமே சாப்பிட்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால் இனிமேல் முழு முட்டைதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்து கிரீமை எடுத்தேன். அதே பேக், அதே 180 டிகிரி ஓவன், கிரீமுக்குப் பதில் பால். வெளியே வந்தது ஓரமெல்லாம் ஸ்பாஞ்சாக, வெட்டினால் ஓட்டை ஓட்டையாக, வாயில் வறண்டு இருந்தது. கிரீம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அதிகமாக வெந்த முட்டையின் வறட்சியை அது மூடி மறைத்துக்கொண்டிருந்தது. சீஸும் ஓரளவு அதே வேலையைத்தான் செய்கிறது. அப்படியானால் முட்டையைச் சரியான சூட்டில் நிறுத்திவிட்டால் மறைக்க வேண்டிய தேவையே வராது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனதுதான்.

வெள்ளைக் கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டியாகத் தொடங்குகிறது. மஞ்சள் 65-ல் தடித்து 70-ல் உறைகிறது. பாலோ தண்ணீரோ சேர்த்து நீர்த்த கலவை உறைய இன்னும் சில டிகிரி கூடுதலாக வேண்டும். இந்த எல்லையைத் தாண்டிச் சூடு ஏறினால் புரத வலை சுருங்குகிறது, ஈரத்துணியை முறுக்கினது போல உள்ளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளுகிறது. முட்டை வறண்டு போவதும் தட்டில் தண்ணீர் கட்டுவதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள். பாதுகாப்புக்காக அமெரிக்க வேளாண் துறை முட்டை சேர்ந்த உணவுகளுக்குச் சொல்லும் அளவு 71 டிகிரி. பாதுகாப்புக்குத் தேவையான சூடும் மென்மைக்கு ஏற்ற சூடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது நம் அதிர்ஷ்டம். முட்டையை ரப்பராக்கினால்தான் பாதுகாப்பு என்பதில்லை. குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பேக்: காய்கறியின் தண்ணீரோடு ஒரு மல்லுக்கட்டு

கிரீமும் சீஸும் போன இடத்தைக் காய்கறியால் நிரப்பலாம் என்று நினைப்பது இயல்பு. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. சுக்கினி என்ற பூசணி வகைக் காயில் 95 சதவீதம் தண்ணீர், தக்காளியில் 94, பாலக் கீரையிலும் காளானிலும் 90-க்கு மேல். அரை கிலோ காய்கறியைப் பச்சையாக நறுக்கிப் போட்டால், கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீரை முட்டைக்குள் ஒளித்து வைத்தது போல ஆகிவிடும். ஓவனில் அது வெளியே வரும்போது முட்டை உறையாமல் கொழகொழவென்று நிற்கும். உறையட்டும் என்று கூடுதல் நேரம் விட்டால் ஓரம் காய்ந்துவிடும். காய்கறி அதிகமாகப் போட்ட முட்டை பேக் ருசிக்காது என்ற பேச்சுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே ஒவ்வொரு காயிலிருந்தும் தண்ணீரைத் தனித்தனியே எடுக்க வேண்டியிருந்தது.

கீரையைச் சூடான கடாயில் போட்டு, கழுவிய ஈரத்திலேயே ஒரு நிமிடம் வதக்கி, ஆறியதும் இரண்டு கையாலும் பிழிந்தேன். 250 கிராம் கீரை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். பிழிந்தது போதும் என்று தோன்றும்போது இன்னொரு முறை பிழிய வேண்டும், நிச்சயம் இன்னும் கொஞ்சம் வரும். சுக்கினியைத் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி, கால் மணி நேரம் வைத்துப் பிழிந்தேன். இந்த உப்பில் கொஞ்சம் சுக்கினியிலேயே தங்கிவிடும் என்பதால் முட்டைக்குப் போடும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காளானுக்கு வேறு வழி. எண்ணெய் விட்ட கடாயில் போட்டால் இருக்கிற எண்ணெயையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு இன்னும் கேட்கும். அதன் உடம்பு முழுக்கக் காற்று அறைகள்தானே. அதனால் காய்ந்த கடாயில் காளானையும் ஒரு சிட்டிகை உப்பையும் மட்டும் போட்டு மூடினேன். தானே தண்ணீர் விட்டு அதிலேயே வெந்து சுருங்கியது. மூடியை எடுத்துத் தண்ணீர் வற்றியபின் ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெய். அறைகள் ஏற்கெனவே அமுங்கிவிட்டதால் அந்த எண்ணெய் உள்ளே போகாமல் மேலேயே நின்று காளானைச் சிவக்க வைக்கிறது. வெங்காயமும் இப்படித்தான்: முதலில் ஒரு கரண்டி தண்ணீரில் மூடி வைத்து மென்மையாக்கிவிட்டு, எண்ணெயை நிறத்துக்காகக் கடைசியில் விட்டால் போதும்.

தக்காளியின் விதைப்பகுதியை வழித்து எறியச் சொல்லும் குறிப்புகள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. தக்காளியில் வாயூறும் சுவையைத் தரும் குளுட்டமேட் சதையைவிட அந்த ஜெல்லியில்தான் அதிகம். சின்னத் தக்காளியாக வாங்கி, பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே பார்க்க முட்டைக் கலவையின் மேல் அடுக்கினேன். தண்ணீர் கீழே இறங்காமல் ஓவனின் சூட்டில் மேலேயே வற்றிவிடுகிறது.

கடைசியில் நிலைத்த அளவு: 8 முட்டை, 120 மி.லி. பால், தண்ணீர் எடுத்த காய்கறி சுமார் 400 கிராம், வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, மிளகுத்தூள், முக்கால் தேக்கரண்டி உப்பு. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டின் அடியில் பட்டர் பேப்பர், அதனால் தட்டில் தடவக்கூட எண்ணெய் வேண்டாம். ஓவன் 160 டிகிரி, விசிறி உள்ள ஓவனாக இருந்தால் 145. 25 நிமிடத்திலிருந்து அடிக்கடி பார்க்க வேண்டும். தட்டை லேசாக ஆட்டினால் ஓரம் அசையாமல் நடு மட்டும் ஜெல்லி போல ஆட வேண்டும். தெர்மாமீட்டரில் நடுப்பகுதி 70-ஐ நெருங்கும்போதே வெளியே எடுத்துவிடுவேன். தட்டின் சூட்டில் அது 71-ஐத் தானாகத் தாண்டிவிடும். தாண்டியதா என்று இன்னொரு முறை குத்திப் பார்த்துவிட்டே வெட்டுவது.

முட்டையை முள்கரண்டியால் அடித்தால் போதும். பீட்டரால் நுரை பொங்க அடித்தால் ஓவனில் கோபுரமாக எழும், வெளியே வந்ததும் அமுங்கி ஸ்பாஞ்சாகிவிடும்.

சீஸை முழுவதும் எடுத்த பேக்கை அண்ணனுக்குக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார், ஆனால் உப்பு டப்பாவைத் தேடினார். சீஸ் கொழுப்பை மட்டும் கொண்டு வருவதில்லை, உப்பையும் குளுட்டமேட்டையும் கூடவே கொண்டுவருகிறது. சிவந்த காளானும் தக்காளியும் அந்தக் குறையைப் பெருமளவு அடைத்தன. மீதிக்கு 25 கிராம் பார்மேசான் சீஸை மிக மெல்லிசாகத் துருவி மேலே தூவினேன். 150 கிராமை உள்ளே கலந்தபோது கிடைத்த மணம், நாக்கில் முதலில் படும் இடத்தில் இந்த 25 கிராமை வைத்தபோதே கிடைத்துவிட்டது. மொத்தக் கணக்கு இப்போது சுமார் 950 கலோரி, ஆளுக்கு 240. பழைய 550 எங்கே, இது எங்கே!

ஆவியில் வேகும் முட்டை

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரிதாக ஒன்றும் வேண்டாம்: 2 முட்டை, அதன் அளவைப் போல இரண்டரை மடங்கு நீர்மம், அதாவது 250 மி.லி. காய்கறி சாறு அல்லது காளான் சாறு. கலவையில் எண்ணெய், பால், சீஸ் எதுவும் கிடையாது. இரண்டு கிண்ணம் வரும், ஒன்றில் 80 கலோரி இருந்தால் அதிகம். ஆனால் வாயில் வைத்தால் கிரீம் போட்டது போலக் கரையும். கொழுப்பே சேர்க்காமல் வழவழப்பு வருமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தக் கிண்ணத்தைத்தான்.

சாற்றுக்கு உலர்ந்த காளானை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து வடிகட்டினேன். சாறு கைபொறுக்கும் சூட்டில் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை அங்கேயே திரிந்துவிடும். குமிழி வராமல் மெதுவாகக் கலந்து, மெல்லிய வடிகட்டியில் ஒருமுறை வடிகட்ட வேண்டும். கலங்காமல் நின்ற வெள்ளைக் கருத் துண்டுகள் அதில் தங்கிவிடும். கிண்ணத்தில் ஊற்றிய பின் மேலே நிற்கும் குமிழிகளை ஒரு கரண்டி நுனியால் ஓரமாகத் தள்ளி எடுத்துவிட்டால் மேற்பரப்பு கண்ணாடி போல வரும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு வேண்டாம் என்று வெறும் தண்ணீரிலேயே இதைச் செய்ய நினைத்தால் முட்டை சரியாக உறையாது. முட்டைப் புரதங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் தன்மை உடையவை. அந்த விலக்கத்தைக் குறைத்து அவற்றைச் சேரவிடுவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளும் தாதுக்களும்தான். பாலில் அவை இயல்பாகவே இருக்கின்றன. சாற்றில் கால் தேக்கரண்டி உப்பு அந்த வேலையைச் செய்துவிடும்.

வேகவைப்பதில் இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். ஒன்று, கிண்ணத்தை ஒரு சின்னத் தட்டால் மூடுவது. இல்லாவிட்டால் பாத்திர மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் மேலே குழி குழியாக விழும். இரண்டாவது, சூட்டை அடக்குவது. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் பாத்திரத்துக்குள் ஆவி 100 டிகிரிக்குப் போய்விடும், முட்டையில் தேன்கூட்டு ஓட்டைகள் விழும். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு மரக்கரண்டியைச் செருகி இடைவெளி விட்டேன். சின்னக் கிண்ணத்துக்கு 12 முதல் 15 நிமிடம். நடுவில் ஒரு குச்சியைக் குத்தினால் தெளிந்த நீர் ஊற வேண்டும், பால்போலக் கலங்கிய நீர் வந்தால் இன்னும் இரண்டு நிமிடம். மேலே சிவந்த காளானும் வெங்காயத்தாளும் சில துளி எள் எண்ணெயும்.

நீர்மத்தை மூன்று மடங்காகவும் கூட்டலாம். இன்னும் மென்மையாக, தொட்டால் நடுங்கும் பதத்தில் வரும். ஆனால் சூடு கொஞ்சம் தவறினாலும் கரண்டி போட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் பிரிந்துவிடும். விருந்தினர் வரும் நாளில் அந்தப் பரீட்சை எதற்கு? இரண்டரையே எனக்குப் போதும்.

கடாயில் செய்பவை

ஆம்லெட்டில் சொல்ல வேண்டியது உப்பைப் போடும் நேரம். முட்டையை அடித்து உப்புப் போட்டு கால் மணி நேரம் வைத்துவிட்டு ஊற்றினால், உடனே ஊற்றியதைவிட மென்மையாகவும் தண்ணீர் விடாமலும் வருகிறது. கலவையின் நிறம் சற்று அடர்ந்து ஆரஞ்சுப் பக்கம் போவதே அடையாளம். முட்டைக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்தேன். பாலைவிடத் தண்ணீரே எனக்கு ஒத்துவந்தது. பால் ஊற்றினால் ஆம்லெட் கொஞ்சம் அடர்த்தியாகிவிடுகிறது, தண்ணீர் ஆவியாகி அதை லேசாக உப்ப வைக்கிறது. 20 சென்டிமீட்டர் நான்ஸ்டிக் கடாயில் 2 முட்டைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், 40 கலோரி. இதையே ஸ்டீல் கடாயில் செய்தால் ஒட்டாமலிருக்க இரண்டு மூன்று மடங்கு எண்ணெய் வேண்டும். எண்ணெயைக் குறைக்க நினைப்பவர் முதலில் மாற்ற வேண்டியது கடாயைத்தான். மேற்பரப்பில் ஈரம் மினுமினுக்கும்போதே அடுப்பை அணைத்து மடித்துவிட வேண்டும், மீதியை உள்சூடு பார்த்துக்கொள்ளும்.

வெள்ளைக் கருவைத் தனியே நுரைக்க அடித்து மஞ்சளோடு கலந்து செய்யும் சூஃப்லே ஆம்லெட் பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. இரண்டு முட்டை கடாய் நிறைய எழும்பி நிற்கும். காற்றுக்குக் கலோரி இல்லை, சரிதான். ஆனால் இரண்டு முட்டை இரண்டு முட்டைதானே! தட்டுக்கு வந்த சில நிமிடங்களில் அமுங்கவும் தொடங்கிவிடும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுப்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு ஆளுக்கு, நேரம் இருக்கும் நாளில் செய்யலாம்.

ஓடில்லாமல் தண்ணீரில் உடைத்து வேகவைக்கும் முட்டைக்கு எண்ணெயே வேண்டாம். அதன் மேல் வழக்கமாக ஊற்றும் ஹாலண்டைஸ் சாஸ் ஏறக்குறைய முழுக்க வெண்ணெய். முதலில் முட்டை. நாள்பட்ட முட்டையில் வெள்ளைக் கரு நீர்த்துப்போவதால் தண்ணீரில் இழை இழையாகப் பிரிகிறது. புது முட்டையிலும் கொஞ்சம் நீர்த்த பகுதி உண்டு. ஒவ்வொன்றாக ஒரு வடிகட்டியில் உடைத்து ஊற்றி லேசாகச் சுழற்றினால் அது கீழே ஒழுகிவிடும், கெட்டியான பகுதி மஞ்சளைச் சுற்றி நிற்கும். அதன் பிறகு வினிகரும் வேண்டாம், தண்ணீரைச் சுழல விடவும் வேண்டாம். கொதிக்காமல் 80 டிகிரி வாக்கில், அடியில் மட்டும் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும் தண்ணீரில் மெதுவாக நழுவவிட்டு 4 நிமிடம். மஞ்சள் கரு ஓடும் பதத்தில் இருப்பதால், சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கு மட்டும் முழுதாக வேகவிட வேண்டும்.

ஹாலண்டைஸுக்குப் பதில் கெட்டித் தயிர். துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர் 150 கிராம், நசுக்கிய பூண்டு பாதிப் பல், உப்பு, எலுமிச்சை சில துளி. இதை அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது, திரிந்துவிடும். அறைச் சூட்டில் வைத்திருந்து தட்டில் பரப்பி, சூடான முட்டையை அதன் மேல் வைத்தால் போதும். மேலே அரைத் தேக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் பொரித்த மிளகாய்த்தூள். மஞ்சள் கரு உடைந்து தயிரோடு கலக்கும்போது அதுவே சாஸ் ஆகிவிடுகிறது.

ஆறு பேர் வரும் நாளில் இதையெல்லாம் ஒரே காலையில் செய்ய நான் முயல்வதில்லை. காய்கறியை வதக்கிப் பிழிந்து வைப்பது, தயிர் சாஸ், காளான் சாறு மூன்றும் முந்தின இரவே ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். தண்ணீரில் வேகவைக்கும் முட்டையைக்கூட முந்தின நாளே செய்து குளிர்ந்த நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். பரிமாறுமுன் வெந்நீரில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் சூடேறிவிடும். காலையில் பேக் ஓவனுக்குள் போனதும் ஆவிப் பாத்திரத்தைப் போடுவேன், இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே முடியும். பேக் பத்து நிமிடம் ஆறினால்தான் துண்டு உடையாமல் வரும். அந்த நேரத்தில் கிண்ணங்களை மேசையில் வைத்துவிடலாம். ஆம்லெட்டை அன்றைக்குத் தொடுவதே இல்லை.

மிஞ்சிய பேக்கை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஏற்கெனவே உறைந்த புரதம் இன்னும் இறுகி, இத்தனை நேரம் காப்பாற்றிய ஈரம் தட்டில் வந்து நிற்கும். நான் மெல்லிசாக வெட்டி, எலுமிச்சை பிழிந்த கீரை சாலட்டோடு குளிரக் குளிரவே சாப்பிடுகிறேன். ஆவியில் வெந்த கிண்ணத்தையும் அப்படித்தான். அது குளிர்ந்த பிறகு உப்பு கொஞ்சம் குறைவாகத் தெரியும், மேலே இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டால் சரியாகிவிடும்.